லிங்க் கேட்காதீர்கள், பதிப்பகத்தைக் கேளுங்கள்: போனில் மங்கா படிக்க ஒரு வழி

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு யார் என்ன கேட்டாலும் என்னிடமிருந்து 'உம்' மட்டும்தான் வரும். அந்த நிமிடம் ஜப்பானில் மணி பன்னிரண்டு, திங்கட்கிழமை பிறந்துவிட்டது. அன்று காலை அங்கே கடைகளுக்கு வரப்போகும் 'வீக்லி ஷோனென் ஜம்ப்' என்ற மங்கா (ஜப்பானியக் காமிக்ஸ்) வார இதழின் தொடர்கள், கடைக்காரர் கட்டைப் பிரிப்பதற்கு முன்பே ஆங்கிலத்தில் என் போனுக்கு வந்துவிடுகின்றன. இதற்கு நான் ஒரு பைசா கொடுப்பதில்லை, திருட்டு சைட் எதற்கும் போவதுமில்லை. இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "லிங்க் அனுப்புங்களேன்."

அனுப்பலாம். ஆனால் அந்த லிங்கில் அவர்கள் தேடுகிற மங்கா இருக்காது, திரும்பி வந்து "அதில் இல்லையே" என்பார்கள். எல்லா மங்காவும் ஒரே இடத்தில் கிடைக்கிற ஆப் என்று ஒன்று உலகத்தில் கிடையாது. எந்தப் படம் எந்த ஓடிடியில் இருக்கிறது என்று வெள்ளிக்கிழமை ராத்திரி ரிமோட்டை வைத்துக்கொண்டு தேடுகிறோமே, அதே கதைதான். மங்காவில் ஒரு வசதி உண்டு: பதிப்பகம் எது என்று தெரிந்துவிட்டால், எந்த ஆப் என்பது பெரும்பாலும் தானாகத் தெரிந்துவிடும்.

பதிப்பகத்தைக் கண்டுபிடிக்க மங்கா அப்டேட்ஸ் என்ற தளம் போதும். அங்கே மங்கா படிக்க முடியாது, அது ஒரு பெரிய பட்டியல், அவ்வளவுதான். உதாரணத்துக்கு 'ஃப்ரீரென்' என்று தேடுங்கள். 'ஸோஸோ நோ ஃப்ரீரென்' என்ற ஜப்பானியப் பெயர், மற்ற மொழிப் பெயர்கள், வெளிவரும் இதழ் 'வீக்லி ஷோனென் சண்டே', ஜப்பானியப் பதிப்பகம் ஷோகாகுகான், ஆங்கிலப் பதிப்பகம் விஸ் என்று எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும். அனிமே (மங்காவை வைத்து எடுத்த அசைபடத் தொடர்) எந்த சாப்டரில் தொடங்கி எந்த சாப்டரில் முடிந்தது என்பதையும் பல தொடர்களுக்குக் கொடுத்திருப்பார்கள். "அனிமே பார்த்துவிட்டேன், எங்கிருந்து படிக்க?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். (என்னைக் கேட்டால் முதல் சாப்டரிலிருந்து படியுங்கள் என்பேன். அனிமேக்காரர்கள் வெட்டிய இடங்களில்தான் பல சமயம் நல்ல நகைச்சுவை இருக்கிறது.)

இதழும் பதிப்பகமும் தெரிந்துவிட்டதா? சரி, இனி வேலை சுலபம்.

ஷூயேஷா (ஷோனென் ஜம்ப் இதழின் பதிப்பகம்) என்று இருந்தால் மங்கா பிளஸ். 2019 ஜனவரியில் ஷூயேஷாவே நேரடியாகத் தொடங்கியது, ஜப்பான், சீனா, தென் கொரியா தவிர மற்ற நாடுகளில் வேலை செய்யும். வெப்சைட்டில் ஒரு தொடரின் முதல் மூன்று சாப்டரும் கடைசி மூன்று சாப்டரும் இலவசம். வாராவாரம் பின்தொடர்கிறவருக்கு அந்தக் கடைசி மூன்றே போதும், என் ஞாயிற்றுக்கிழமை ரகசியம் இதுதான். ஆப்பில் இன்னும் தாராளம்: பல தொடர்களை முதலிலிருந்து கடைசிவரை ஒரு முறை இலவசமாகப் படிக்க விடுகிறார்கள். ஒரு முறை என்றால் ஒரே முறைதான், படித்த சாப்டரை மறுபடி திறக்கப் போனால் சந்தா கேட்கும். அதனால் பஸ்ஸில் நின்றுகொண்டு, 'என்னதான் ஆகிறது பார்ப்போம்' என்று அடுத்த சாப்டரைச் சும்மா தட்டாதீர்கள். ஒரு தொடரின் உச்சக்கட்டச் சண்டையை நான் அப்படித்தான் கோயம்பேடு நெரிசலில் இரண்டு பக்கம் பார்த்துவிட்டு மூடித் தொலைத்தேன்.

மங்கா பிளஸ்ஸில் ஆங்கிலம் தவிர ஸ்பானிஷ், பிரெஞ்சு, இந்தோனேசிய, தாய், வியட்நாமிய மொழிகளெல்லாம் உண்டு. தமிழ் இல்லை, இந்தியும் இல்லை. இப்போதைக்கு நமக்கு ஆங்கிலம்தான்.

ஷூயேஷாவின் பழைய தொடர்களை ஆற அமர, திரும்பத் திரும்பப் படிக்க வேண்டுமென்றால் விஸ்ஸின் ஷோனென் ஜம்ப் ஆப் இருக்கிறது. அது கிடைக்கிற கொஞ்ச நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மாதச் சந்தா ஒரு சினிமா டிக்கெட்டை விடக் கூடக் கேட்காது, முழுப் பெட்டகமும் திறந்துவிடும், ஆனால் ஒரு நாளைக்கு நூறு சாப்டர் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். நூறு சாப்டர் யார் படிக்கப்போகிறார்கள் என்று சிரிக்க வேண்டாம். 1997 ஜூலையில் தொடங்கிய 'ஒன் பீஸ்' ஆயிரத்து நூறு சாப்டரை எப்போதோ தாண்டிவிட்டது, நாளொன்றுக்கு நூறு என்று மூச்சு விடாமல் படித்தாலும் பதினோரு நாளுக்கு மேல் ஆகும். செமஸ்டர் லீவில் அப்படி உட்கார்ந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். நாலாம் நாள் அவன் அம்மா கண்ணுக்குச் சொட்டு மருந்து வாங்கி வந்தார்.

ஷோகாகுகான் தொடர்களுக்கு விஸ் மங்கா என்று தனி ஆப், மேலே சொன்ன ஃப்ரீரென் அங்கேதான் இருக்கிறது. ஷூயேஷாவும் ஷோகாகுகானும் ஜப்பானில் போட்டியாளர்கள், விஸ் நிறுவனத்துக்கோ இரண்டு பேரும் சொந்தக்காரர்கள். அதனால்தான் இரண்டு வீட்டுச் சரக்கும் ஒரே கம்பெனியிடம் இரண்டு ஆப்பாக இருக்கிறது. ஒன்றில் சந்தா கட்டிவிட்டு இன்னொன்றில் தேடிக் குழம்புகிறவர்கள் ஏராளம்.

கோடன்ஷா என்றால் கே மங்கா. 2023இல் அமெரிக்காவில் மட்டும் தொடங்கி, பிறகு மற்ற நாடுகளுக்குப் போனது. இதில் சந்தா கிடையாது, டிக்கெட்டும் பாயிண்டும்தான்: காத்திருந்தால் டிக்கெட்டில் இலவசமாகப் படிக்கலாம், அவசரமென்றால் பாயிண்ட் வாங்கவேண்டும், புது சாப்டருக்குப் பாயிண்ட்தான். எனக்கு இந்த முறை பிடிக்காது. சாப்டர் சாப்டராகக் காசு போட்டால் பல சாப்டர் சேர்ந்த முழு வால்யூமே வாங்கியிருக்கலாமே என்று மாதக் கடைசியில் தோன்றும். ஸ்கொயர் எனிக்ஸுக்கு 2022இல் வந்த மங்கா அப் இருக்கிறது, அதிலும் பாயிண்ட் கணக்குதான். கடோகாவாவுக்கு புக்வாக்கர். அது கடோகாவாவின் சொந்தக் கடை, ஆனால் மற்ற பதிப்பகங்களின் வால்யூம்களும் அங்கே விற்கும்.

எந்த ஆப்பையும் நிறுவும் முன் உங்கள் போனின் ஸ்டோரில் தேடிப் பாருங்கள். உங்கள் நாட்டுக்கு உரிமை இல்லையென்றால் ஆப்பே தெரியாது, அல்லது ஆப் இருக்கும், தலைப்பு மட்டும் காணாமல் போயிருக்கும். அது போனின் கோளாறு இல்லை. சிங்கப்பூரில் இருக்கிறவர்கள் நூலகப் புத்தகங்களை இரவல் தரும் லிபி (Libby) ஆப்பில் தேசிய நூலக உறுப்பினர் கணக்கோடு தேடுங்கள். அமெரிக்கா, கனடாவில் இருப்பவர்கள் உள்ளூர் நூலகத்தில் அதே மாதிரியான ஹூப்லா ஆப் இருக்கிறதா என்று கேளுங்கள். வரிப்பணம் கட்டுகிறீர்கள், இரவல் வாங்கிப் படிக்கலாம்.

காசு கட்டும்போது இந்தியாவில் ஒரு இடறல் உண்டு. 2021 அக்டோபரில் ரிசர்வ் வங்கி ஆட்டோ டெபிட் விதிகளை இறுக்கிய பிறகு, வெளிநாட்டுச் சந்தாக்களுக்கு நம் கார்டுகள் அடிக்கடி மக்கர் செய்கின்றன. என் கார்டு முதல் மாதம் ஒழுங்காகப் போயிற்று, இரண்டாம் மாதம் சத்தமில்லாமல் நின்றுவிட்டது. வங்கியில் கேட்டால் ஆப்பைக் கேளுங்கள் என்றார்கள், ஆப்பைக் கேட்டால் வங்கியைக் கேளுங்கள் என்றார்கள். இரண்டு வாரம் அலைந்த பிறகு அந்தச் சந்தாவை ரத்து செய்துவிட்டு, ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர் வழியாக, யுபிஐ ஆட்டோபே போட்டுக் கட்டினேன். அன்றிலிருந்து ஒரு தொல்லையும் இல்லை.

வாங்கியது யாருடையது

கிண்டில், புக்வாக்கர், கோபோ, கூகுள் பிளே புக்ஸ் எல்லாவற்றிலும் முழு வால்யூம் விற்கிறார்கள். வாரத் தொடர் என்றால் ஒரு வால்யூமில் ஒன்பது பத்து சாப்டர், கிட்டத்தட்ட இருநூறு பக்கம். சாம்பிள் பக்கங்களைத் திறந்து எழுத்து படிக்கிற அளவில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஆனால் 'வாங்கு' பொத்தானை அமுக்கினால் அது உங்களுடையது ஆகிவிடுமா? ஜேமங்கா என்று ஒரு தளம் இருந்தது. ஜப்பானியப் பதிப்பகங்கள் பல சேர்ந்து ஆதரித்த, சட்டப்படியான கடை. 2011இல் தொடங்கியது, 2013 மே மாதக் கடைசியில் மூடிவிட்டார்கள், காசு கொடுத்து வாங்கியவர்களின் மங்காவும் அதோடு போயிற்று. 2025 பிப்ரவரியில் கிண்டிலும், வாங்கிய புத்தகத்தைக் கணினியில் இறக்கி யுஎஸ்பி வழியாக ஏற்றிக்கொள்ளும் வசதியை எடுத்துவிட்டது. நாம் வாங்குவது படிக்கிற உரிமையைத்தான். அதனால் நான் ஒரு முறை படித்துவிட்டு விடுவதையெல்லாம் சந்தாவில் படிக்கிறேன், மனதுக்கு நெருக்கமான நாலைந்தைக் காகிதத்தில் வாங்கி அலமாரியில் வைக்கிறேன், இரண்டுக்கும் நடுவில் இருப்பதை மட்டும், அதுவும் தள்ளுபடி வரும்போது, டிஜிட்டலில் வாங்குகிறேன்.

மங்கா பக்கங்களை அனுமதியில்லாமல் ஏற்றும் ஸ்கேன் தளங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பூசி மெழுகியதாகிவிடும். நானும் அங்கேதான் தொடங்கினேன், நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். ஆங்கிலத்துக்கு வராத ஒரு தொடரை ரசிகர்கள் மொழிபெயர்த்ததால்தான் நமக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரிந்தது என்பதும் உண்மை. ஆனால் அதிகாரபூர்வமாக, இலவசமாக, அதே நாளில் கிடைக்கிற ஒன்றை விளம்பரங்களுக்கு நடுவே மங்கலாகப் படிப்பதில் என்ன லாபம் என்று எனக்கு இப்போது புரிவதில்லை. இன்னொன்று, 'டாச்சியோமி' ஏபிகே (ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் ஆண்ட்ராய்டு நிறுவல் ஃபைல்) என்று எங்காவது கிடைத்தால் நிறுவாதீர்கள். அது ஒரு நல்ல ரீடர் ஆப்பாக இருந்தது, ககாவோ என்ற கொரிய நிறுவனத்தின் சட்ட நெருக்கடிக்குப் பிறகு 2024 ஜனவரியில் அதைச் செய்தவர்களே நிறுத்திவிட்டார்கள். இப்போது அந்தப் பெயரில் சுற்றுவதில் யார் என்ன கலந்திருக்கிறார்கள் என்று யாருக்குத் தெரியும்?

எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது

லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்த கண்ணுக்கு முதல் பத்து பக்கம் கஷ்டமாகத்தான் இருக்கும். பக்கத்தின் வலது மேல் மூலையில் தொடங்கி, இடதுபக்கம் நகர்ந்து, வரிசை முடிந்ததும் கீழே இறங்கி மறுபடி வலதிலிருந்து. கட்டத்துக்குள் பலூன்களும் அப்படியே: வலதில் இருப்பவர் முதலில் பேசுகிறார். எங்கே பிடிபடாமல் போகும் என்றால், ஒரு உயரமான கட்டம் வலதில் நின்று, அதன் இடப்பக்கம் இரண்டு சின்னக் கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்போதுதான். உயரமானதை முதலில் முடியுங்கள், பிறகு இடப்பக்கத்து மேல் கட்டம், பிறகு அதன் கீழ்க் கட்டம். பதில் முதலிலும் கேள்வி பின்னாலும் வருகிற மாதிரி வசனம் அபத்தமாக இருந்தால் வரிசை தவறிவிட்டீர்கள் என்று அர்த்தம், ஒரு கட்டம் பின்னால் போங்கள். கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடைவெளி திடீரென்று கறுப்பாக மாறினால் பெரும்பாலும் பழைய நினைவு ஓடுகிறது.

கட்டத்தின் மேல் பெரிதாகக் கிறுக்கியிருக்கும் ஜப்பானிய எழுத்துகள் ஒலிக்குறிப்புகள். பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலம் இருக்கும், அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். ஜப்பானிய மொழியில் இரட்டைக்கிளவி நம்மைப் போலவே ஏராளம். 'டோகி டோகி' என்றால் நமக்கு 'படபட', நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இதை ஆங்கிலத்தில் மாற்றும்போது சப்பென்று ஆகிவிடும், 'சலசல', 'மினுமினு' பழகிய நமக்கு மூலம்தான் சீக்கிரம் புரியும். எனக்குப் பிடித்தது 'ஷீன்'. யாரும் ஒன்றும் பேசாத அமைதியின் சத்தம் அது. அமைதிக்கே ஒரு சத்தம் வைத்திருக்கிறார்கள்!

ஆப்பின் செட்டிங்கில் இரண்டு விஷயம் பாருங்கள். பக்கம் மேலிருந்து கீழே ஓடவேண்டுமா, பக்கவாட்டில் புரளவேண்டுமா என்று கேட்கும். மங்காவுக்குப் பக்கவாட்டே சரி, வலதுபக்கம் புரட்டினால் அடுத்து என்ன என்பதை வைத்துத்தான் கடைசிக் கட்டத்தை வரைந்திருப்பார்கள். கீழே ஓட்டிக்கொண்டே போனால் அந்த அதிர்ச்சி பாதி தூரத்திலேயே தெரிந்துவிடும். (கொரிய வெப்டூன் கீழே ஓட்டுவதற்காகவே வரைந்தது, அது வேறு.) அடுத்தது, டேப்லெட்டில் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் பார்க்கும்போது, இரு பக்கமும் சேர்ந்த பெரிய படம் நடுவில் பிளந்து, ஒரு பாதி இந்த விரிப்பிலும் மறு பாதி அடுத்த விரிப்பிலும் தெரியலாம். அட்டையையும் ஒரு பக்கமாக ஆப் எண்ணிவிட்டதால் எல்லாம் ஒரு பக்கம் தள்ளிப்போயிருக்கிறது. அட்டையைத் தனியாகக் காட்டு என்ற செட்டிங்கைத் தட்டினால் சேர்ந்துவிடும்.

சிபிஇசட் ஃபைலும் கிண்டிலும்

ஆப் வேண்டாம், ஃபைலாகவே வேண்டும் என்பவர்களுக்கு. சட்டப்படி தாராளமாகப் பரிசோதிக்க ஒரு மங்கா இருக்கிறது: ஷூஹோ சாடோவின் 'கிவ் மை ரிகார்ட்ஸ் டு பிளாக் ஜாக்', ஒரு பயிற்சி மருத்துவரின் கதை. 2012 செப்டம்பரில் அவர் அதை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், அனுமதி கேட்கவும் வேண்டாம், காசும் வேண்டாம் என்று திறந்துவிட்டார். பழகுவதற்கு இதைவிட வசதியான ஒன்று கிடைக்காது.

சிபிஇசட் என்பது பயமுறுத்தும் பெயர், உள்ளே ஒன்றுமில்லை. பக்கப் படங்களை ஒரு ஃபோல்டரில் போட்டு, ஜிப் செய்து, கடைசியில் இருக்கும் ஜிப் என்ற மூன்றெழுத்தை அழித்து சிபிஇசட் என்று மாற்றினால் முடிந்தது. சிபிஆர் என்றால் ஜிப்புக்குப் பதில் ரார், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் படங்களின் பெயரில் கவனம். 1, 2, 3 என்று வைத்தால் விண்டோஸ் ஃபோல்டரில் ஒழுங்காகத் தெரியும், ஏனென்றால் அது எண்ணாகப் பார்த்து அடுக்குகிறது. சில ரீடர் ஆப்கள் எழுத்தாகப் பார்த்து 1, 10, 11, 2 என்று அடுக்கிவிடும். முதல் பக்கத்தில் மருத்துவமனைக்குள் நுழைந்தவர் இரண்டாம் பக்கத்தில் அறுவை முடித்துக் கை கழுவிக்கொண்டிருப்பார். 001, 002 என்று பூஜ்யம் சேர்த்து வைத்துவிடுங்கள். ஜிப் செய்யும்போது 'அமுக்காமல் வை' என்பதைத் தேர்ந்தெடுங்கள், ஜேபெக் ஏற்கெனவே அமுக்கியதுதான், மறுபடி அமுக்கினால் நேரம்தான் வீண்.

ஆண்ட்ராய்டில் மிஹோன், ஐபோனில் பேனல்ஸ், கணினியில் யாக்ரீடர் இதைத் திறக்கும். மூன்றிலும் வலமிருந்து இடம் என்று மாற்ற மறக்காதீர்கள்.

கோபோ ரீடர் சிபிஇசட்டை அப்படியே படிக்கும். கிண்டில் படிக்காது. அதற்கு கிண்டில் காமிக் கன்வர்ட்டர் என்ற இலவச மென்பொருள்: எந்த மாடல் என்று சொல்லி, மங்கா முறை என்ற பெட்டியில் டிக் போட்டு, மாற்றி, யுஎஸ்பியில் ஏற்றவேண்டும் (முன்னே சொன்னது கடையில் வாங்கிய புத்தகத்தை இறக்கும் வசதி, நம் சொந்த ஃபைலை ஏற்றத் தடையில்லை). மாடலைச் சரியாகச் சொல்வது முக்கியம். மங்காவில் சாம்பல் நிறம் என்று நமக்குத் தெரிவது ஸ்கிரீன்டோன், அதாவது பொடிப் பொடிக் கறுப்புப் புள்ளிகள். படத்தைத் தப்பான அளவுக்குச் சுருக்கினால் அந்தப் புள்ளிகள் திரையின் புள்ளிகளோடு மோதி, பட்டுப்புடவை வீடியோவில் அலை அலையாக மின்னுமே, அதுபோல வானமும் சட்டையும் கோடு கோடாகத் தெரியும். திரையின் அளவுக்கே மாற்றிவிட்டால் பெருமளவு போய்விடும்.

கிண்டில், கோபோவின் கறுப்பு வெள்ளை ஈ-இங்க் திரையில் மங்கா அழகு, ஆறு ஏழு அங்குலத் திரை ஜப்பானிய வால்யூமை விடக் கொஞ்சம்தான் சிறியது. ஆனால் இருபக்கப் படம் வந்தால் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கும். நான் அந்தப் பக்கத்தை மட்டும் போனில் திறந்து பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கிண்டிலுக்கு வருகிறேன். வீட்டில் இதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

அப்புறம், எட்டரைக்கு ஆப்பைத் திறந்தும் போன வாரச் சாப்டரே தெரிந்தால் ஒரு முறை மூடித் திறங்கள். அப்போதும் இல்லையென்றால் தொடரின் பக்கத்தில் அடுத்த சாப்டர் வரும் தேதி போட்டிருப்பார்கள், பாருங்கள். மங்காகா (மங்கா வரைபவர்) விடுப்பில் இருப்பார், இல்லையென்றால் இதழுக்கே விடுமுறை: புத்தாண்டு, ஏப்ரல் கடைசியில் தொடங்கும் கோல்டன் வீக், ஆகஸ்டில் ஓபோன். அந்த ஞாயிறுகளில் என்னிடம் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம்.